தனியாக எண்ணாத அடி

மத்தியானத்தில் தூங்கும்போது என் வீட்டுக்காரருக்கு வலது கை தானாக எழும்பும். மல்லாந்து படுத்திருப்பார், கண் மூடியிருக்கும், மூச்சு சீராகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று கை மட்டும் பாயை விட்டுக் கிளம்பும். முழங்கை மடங்கி, காது உயரத்துக்கு வந்து, அங்கேயே நின்றுவிடும். இறங்காது. எதையோ பிடித்திருக்கிற மாதிரி விரல்கள் மூடியிருக்கும், மணிக்கட்டு நடுங்கும். கல்யாணமான புதிதில் இந்தப் பழக்கம் அவரிடம் இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் நடந்த ஒரு பந்தயத்துக்குப் பிறகுதான் வந்தது.

அவர் ஜாக்கி. பந்தயக் குதிரை ஓட்டுகிறவர். செங்கல்பட்டில் நாங்கள் குடியிருந்த தெருவில் இதைச் சொன்னால் பாதிப் பேர் சர்க்கஸ்காரர் என்று நினைத்தார்கள், மீதிப் பேர் சூதாடி என்று நினைத்தார்கள். நான் அதே ஊரில் தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்ததால் எனக்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது. அதில் ஒரு பங்கு அவருக்கும் கிடைத்தது, அவ்வளவுதான். விடியற்காலை முதல் மின்சார ரயிலைப் பிடித்துப் பட்டணம் போவார். குதிரைகளுக்குக் காலை ஓட்டம் கொடுத்துவிட்டு, வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் திரும்பி வந்து, ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். சாப்பாட்டு வேளைக்கு நான் வீட்டுக்கு வரும்போது தூங்கிக்கொண்டிருப்பார். எங்கள் குடும்ப வாழ்க்கையில் பாதி, அவர் தூங்குவதை நான் பார்த்ததுதான்.

ஜாக்கி வீட்டுக்கு மருமகளாகப் போவதைப் போல ஒரு தண்டனை இல்லை. அவர் எடை கூடக் கூடாது என்பதற்காக நானும் வடை மறந்தேன், அப்பளம் மறந்தேன். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறினாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். மற்ற வீடுகளில் காலையில் எழுந்ததும் சாமி படத்தின் முன்னால் நிற்பார்கள், எங்கள் வீட்டில் எடை மெஷின் மேல் நிற்பார். நான் ஏறினால் மட்டும் சிரிப்பார். "இன்னாம்மே, நீ ஒருத்தி ரெண்டு ஜாக்கி வெயிட்டு கீறியே" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஹாலில் ஒரு பெஞ்சு. அதன்மேல் பழைய மெத்தை ஒன்றைச் சுருட்டிக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். அதுதான் அவருக்கு வீட்டுக் குதிரை. அதன்மேல் குந்தி உட்கார்ந்து, சாட்டையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றுவார், இடதிலிருந்து வலதுக்கு மாற்றுவார். மாற்றுகிற நேரத்தில் ஓட்டம் தடைப்படக் கூடாதாம். மாற்றி முடித்ததும் மெத்தையில் ஓர் அடி. சளார் என்று கேட்கும். கீழ் வீட்டு அம்மா ஒருநாள் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "உன் வூட்டுக்காரரு உன்னிய அடிக்கிறாராம்மா? சொல்லு, நான் கேக்கறேன்" என்றார். "என்னை இல்லைம்மா, மெத்தையை" என்றேன். அவர் நம்பவில்லை. அதற்குப் பிறகு என் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் வாயில்லா ஜீவன்களுக்காக உருகுகிறவள் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். படாளத்தில் பிறந்தவள் நான். சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு வண்டி சாலையில் வரிசைகட்டி நிற்கும், மேட்டில் ஏறாத மாட்டை வால் முறுக்கி, தார்க்குச்சியால் குத்தி ஏற்றுவார்கள். என் அப்பாவும் அந்த வண்டிகளில் ஒன்றை ஓட்டியவர்தான். ராத்திரி அதே மாட்டுக்குத் தவிடு கலந்து வைத்துவிட்டுத்தான் தாம் சாப்பிட உட்காருவார். அடியும் தவிடும் ஒரே கையிலிருந்து வருவதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இருந்ததில்லை. அதனால் இவர் சாட்டையைப் பார்த்து நான் பயப்படவில்லை. அது பாட்டுக்கு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பந்தயத்தில் சாட்டை கூடாது என்று சட்டம் இல்லை. அளவுக்கு மேல் கூடாது, அவ்வளவுதான். பந்தயம் முடிந்ததும் டாக்டர் குதிரையின் பின்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார். தடிப்பு ஏறியிருந்தால் எழுதிக் கொடுப்பார். பந்தயத்தை மேற்பார்க்கிற அதிகாரிகள் ஓர் அறையில் உட்கார்ந்து, ஓடிய படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள். ஜாக்கி அவர்கள் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எது அளவு, எது அளவுக்கு மேல் என்று உட்கார்ந்திருப்பவர்கள் சொல்வார்கள். அபராதம் போடுவார்கள், சில வாரம் ஓட்டக் கூடாது என்று உட்கார வைப்பார்கள். வீட்டுக்காரர் இதையெல்லாம் குறையாகச் சொன்னதே இல்லை. "அவங்க இல்லாங்காட்டி நாங்க குதுரய உரிச்சிட்டு வந்துடுவோம்" என்பார்.

அவர் ஓட்டிய குதிரைகளில் ஒரு பெட்டை. வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர் அதற்கு, வீட்டில் நாங்கள் செவலை என்றே சொன்னோம். செம்பழுப்பு உடம்பு, நெற்றியில் சாய்ந்தாற்போல ஒரு வெள்ளை. அதைப் பற்றிப் பேசும்போது மட்டும் இவர் முகத்தில் ஒரு களை வரும், எனக்கே கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். செவலைக்கு ஒரு குணம். மற்றக் குதிரைகளுக்குப் பின்னால் இருக்கும்வரை பேய் மாதிரி ஓடும். முதல் இடத்துக்கு வந்துவிட்டால் காதை நிமிர்த்தி, வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடும். முன்னால் யாருமே இல்லை, இனி எதற்கு ஓட வேண்டும் என்பது அதன் கணக்கு. இவர் அதை அடிக்க மாட்டார். "அடிச்சா மொறச்சிக்கும்மே. கையால தள்ளினா போதும், புரிஞ்சிக்கும்" என்பார்.

அப்படித்தான் ஒரு பந்தயத்தில் கையால் தள்ளிக்கொண்டே போய், மூக்கு நுனி அளவில் தோற்றார். ஜெயிக்கும் என்று எல்லாரும் பணம் கட்டியிருந்த குதிரை. கூட்டம் கொதித்துப் போய்விட்டது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து செருப்பு பறந்ததாம். "திருட்டுப் பயலே, எவன்கிட்ட வாங்கின?" என்று கத்தினார்களாம். அதிகாரிகளும் அறைக்குள் கூப்பிட்டார்கள். ஏன் சாட்டையை எடுக்கவில்லை என்று கேட்டார்கள். ஜெயிக்க முயற்சியே செய்யாமல் ஓட்டுவது, அளவுக்கு மேல் அடிப்பதைவிடப் பெரிய குற்றம். இவர், அது தன்னால் முடிந்ததைக் கொடுத்துக்கொண்டிருந்தது சார், அடித்திருந்தால் கெட்டிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். எச்சரித்து அனுப்பினார்கள். இன்னொரு தடவை இப்படி ஓட்டினால் லைசென்ஸ் இருக்காது என்றார்கள்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் சளார், சளார் என்று மெத்தை அடி வாங்கியது. கயிறு அறுந்து பஞ்சு வெளியே வந்தது. அவரை யார் என்ன சொன்னாலும் தாங்குவார், திருடன் என்றதை மட்டும் தாங்கவில்லை. "நெக்ஸ்டு ரேஸுக்கு நீயும் வா. நீயே கண்ணால பாரு, நான் ஏமாத்தறவனான்னு" என்றார். நான் அதுவரை ரேஸ் மைதானத்தில் கால் வைத்ததில்லை. லீவு போட்டுவிட்டுப் போனேன்.

வேலி ஓரமாக, பந்தயம் முடிகிற கம்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் இடம் கிடைத்தது. டி.வி.யில் பார்த்தால் குதிரைகள் மிதந்து வருகிற மாதிரி இருக்கும். பக்கத்தில் நின்றால் தரை அதிர்வது உள்ளங்காலில் தெரியும். கடைசி நேர்கோட்டில் திரும்பியதும் செவலை முன்னால் வந்துவிட்டது. கூட்டம் "அடி, அடி" என்று கத்தியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதனால் நான் அந்தப் பந்தயத்தைப் பார்க்கவில்லை, கேட்டேன். அத்தனை கூச்சலுக்கு நடுவிலும் எங்கள் ஹாலில் கேட்ட அதே சத்தம் தனியாகக் கேட்டது. நெருங்கி வந்தது, என்னைத் தாண்டிப் போனது. நடுவில் ஒரு தடவை நின்ற மாதிரி இருந்தது. பிறகு திரும்பவும் கேட்டது.

கண்ணைத் திறந்தபோது ஜெயித்துவிட்டார் என்று பக்கத்தில் நின்ற பெரியவர் குதித்துக்கொண்டிருந்தார். நானும் கைதட்டினேன். கம்பத்தைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் செவலை நின்றுவிட்டிருந்தது. முன்னங்கால்களில் இடது காலின் நுனி மட்டும் தரையில் பட்டும் படாமலும் இருந்தது. இவர் குதித்து இறங்கிச் சேணத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்த ஜாக்கி சேணத்தோடு போய் முதலில் தராசில் ஏற வேண்டும், அதற்கு முன்னால் வேறு எந்த வேலையும் கூடாது என்பது அங்கே முறை. அதனால் சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. குதிரையின் வலது பக்கத்தில் மயிர் எழும்பி, கோடு கோடாகத் தடித்திருந்தது வேலியிலிருந்தே எனக்குத் தெரிந்தது. நான் மாட்டு முதுகுகளைப் பார்த்து வளர்ந்தவள். இருந்தாலும் கைதட்டுவதை நிறுத்திவிட்டேன்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே கால் நரம்பு பிய்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். செவலை முன்னால் வந்ததும் தடுமாறியிருக்கிறது. இவர் அதை அதன் பழைய விளையாட்டு என்று நினைத்திருக்கிறார். போன தடவை விட்டோம், இந்தத் தடவை விடக்கூடாது என்று சாட்டையை ஓங்கியிருக்கிறார். வலியில் துவண்டதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டார். அந்த மிருகமும் நிற்காமல் ஓடியிருக்கிறது.

மறுபடியும் அதே அறை, அதே அதிகாரிகள். என்கொயரியில் நடந்ததை இவர் அன்றைக்கே சொல்லவில்லை. பல மாதங்களில் துண்டு துண்டாகச் சொன்னார். எதிரே இருந்து எடுத்த படத்தை மெதுவாக ஓடவிட்டார்களாம். ஓர் அதிகாரி, இதோ இந்த இடத்தில்தான் கால் போயிருக்கிறது என்று காட்டினாராம். அதற்குப் பிறகும் சாட்டை இறங்கியது. அத்தனை அடியையும் எண்ணிச் சொன்னார்கள். கால் போனது உனக்குத் தெரிந்ததா என்று கேட்டார்கள். "தெரியல சார்" என்றார் இவர். சில வாரம் ஓட்டக்கூடாது என்று தண்டனை சொன்னார்கள். அப்போது இந்த மனுஷன் அவர்களைப் பார்த்து, "அவ்ளோதானா சார்?" என்று கேட்டிருக்கிறார். திமிர் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் வாரங்களைச் சேர்த்துப் போட்டார்கள்.

நான் இந்த 'அவ்ளோதானா'வை வைத்து அவரை எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன். "வாயை வெச்சிக்கினு சும்மா இருந்தா இன்னாய்யா? தண்டனை பத்தலைன்னு கேட்டு வாங்கிக்கினு வந்த ஒரே ஜாக்கி நீதான்" என்பேன். சிரிக்க மாட்டார்.

என்னைக் குடைந்துகொண்டிருந்தது வேறு. படம் பார்த்தவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். ரயிலில் உட்கார்ந்து வரும்போதே எந்தச் சக்கரம் தட்டுகிறது என்று சொல்கிற ஆள் இவர். காலையில் குதிரையின் மேல் ஏறி நாலு எட்டு வைத்ததும், லாடம் சரியில்லை என்று இறங்கிவிடுவார். அப்படிப்பட்டவருக்குக் காலின் கீழ் ஒரு நரம்பு பிய்ந்தது தெரியாமலா போகும்? நான் கேட்டேன். சாதம் போட்டுக்கொண்டே, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி, "நெஜமா சொல்லு. தெரிஞ்சேவா அடிச்சே?" என்றேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். தெரியாமல் அடித்திருந்தால் அது பிசகு. தெரிந்து அடித்திருந்தால் நான் யாரோடு படுத்து எழுகிறேன்? எனக்கு அந்தப் பதில் வேண்டியிருந்தது. அவர் தரவில்லை.

தண்டனை முடிந்தது. அவர் திரும்பிப் போகவில்லை. காலையில் முதல் ரயில் கூவும், கண்ணைத் திறந்து படுத்திருப்பார். சாட்டை ஆணியிலேயே தொங்கியது. மெத்தையைப் பிரித்து மொட்டை மாடியில் காயப்போட்டேன், யாரும் அதைத் திரும்பக் கட்டவில்லை. கீழ் வீட்டு அம்மா, "இப்பல்லாம் சத்தமே இல்லியே, புத்தி வந்துடிச்சா?" என்று சந்தோஷமாகக் கேட்டார். அந்தச் சமயத்தில்தான் மத்தியானத் தூக்கத்தில் கை எழும்ப ஆரம்பித்தது. முதல் தடவை பார்த்தபோது பயந்து உலுக்கி எழுப்பிவிட்டேன். விழித்தவர் என்னைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்தார். அப்போது அவர் முகத்தில் தெரிந்தது என்ன என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு நான் எழுப்பவில்லை. வாசலில் நின்று அந்தக் கையைப் பார்ப்பேன். இப்போது அடிக்கப்போகிறது, இப்போது அடிக்கப்போகிறது என்று எனக்குத் தோன்றும். அடிக்காது. மெத்தை இல்லாத ஹாலில் எனக்கு மட்டும் அந்தச் சத்தம் கேட்கும். கவுன்ட்டரில் தபால் தலைமேல் முத்திரை குத்தும் சத்தத்தில்கூட அது வந்து சேர்ந்துகொள்ளும். சில நாள் ஆபீஸ் வேலையை அப்படியே விட்டுவிட்டு ஏரிப் பக்கம் போய் நின்றிருக்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு அவருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வேலை கிடைத்தது. ஒரு பணக்காரர் பொழுதுபோக்குக்காகக் குதிரைகள் வைத்திருந்தார், பிள்ளைகளுக்குச் சவாரி கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமாம். நாவலூரிலும் கேளம்பாக்கத்திலும் புதிதாக எழும்பிய அடுக்குமாடிகளிலிருந்து கம்ப்யூட்டர்காரர்கள் பிள்ளைகளைக் காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு பிள்ளைக்கும் சாட்டை கொடுக்க மாட்டார். "வாயால சொல்லு, காலால சொல்லு. கை சும்மா இருக்கட்டும்" என்பார். பிள்ளைகளுக்கு அவரைப் பிடித்துப்போனது. எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. வீட்டில் வடை சுட்டேன், தின்றார். ஆனால் கை நிற்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம், அவருக்கும் எனக்கும் ஒன்றாக லீவு வந்ததென்று மாமல்லபுரம் போனோம். கடற்கரைக் கோயில் பக்கமாக மணலில் இறங்கி நடந்தோம். சவாரிக் குதிரைகள் மூன்று நான்கு நின்றிருந்தன. எங்களுக்குப் பின்னால் ஒருவர் கத்தினார்.

"ரைட்டு கைய தூக்காத சார்! தூக்காதன்றன்ல! போட்டோன்னா லெஃப்டு கைய தூக்கு சார்!"

புது மாப்பிள்ளை ஒருவன் குதிரைமேல் உட்கார்ந்து, கீழே கேமராவோடு நின்ற பெண்டாட்டிக்கு வீர போஸ் கொடுக்கப் பார்த்திருக்கிறான். குதிரைக்காரர் பாய்ந்து போய் அவன் கையை அமுக்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இவரைக் காணோம். திரும்பிப் பார்த்தேன். நாலு எட்டு பின்னால், மணலில் அப்படியே நின்றுவிட்டிருந்தார். மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த குதிரையையே பார்த்தார். செம்பழுப்பு நிறம், நெற்றியில் சாய்ந்த வெள்ளை. இடது முன்னங்கால் முட்டிக்குக் கீழே தூண் மாதிரிப் பருத்திருந்தது.

மாப்பிள்ளை இறங்கிப் போனதும் இவர் போய்க் கேட்டார். "எங்க புட்ச்ச இத்த?"

"கை மாறி கை மாறி வந்திச்சி அண்ணாத்த. பட்டணத்துல ரேஸ் ஓடின குதுர. தங்கமான கொணம். பச்சக் கொயந்தய ஒக்கார வெக்கலாம்" என்றார் குதிரைக்காரர். "இந்த ஒண்ணுதான் பேஜாரு. எவனாச்சும் ரைட்டு கைய தூக்கினா போதும், காத பின்னால சாச்சிக்கினு பிச்சிக்கினு ஓடும். நொண்டிக் கால வெச்சிக்கினு ஓடும் அண்ணாத்த. பாக்க முடியாது. காலீல இருந்து சாங்காலம் வரிக்கும் கைய தூக்காத, கைய தூக்காதன்னு கத்தியே தொண்ட பூடிச்சி."

இவர் செவலைக்கு முன்னால் போய் நின்றார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். அந்த அறையில் அவர் எப்படி நின்றிருப்பார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. செவலை அவரை மோந்து பார்த்தது. சட்டை, கழுத்து, முகம் என்று மூக்கை ஓட்டியது. தெரிந்ததா, தெரியவில்லையா, யாருக்குத் தெரியும்? ஒதுங்கவில்லை, அவ்வளவுதான். இவருக்குக் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. எத்தனை வருஷமாக எத்தனை குதிரைகளைத் தொட்ட கை, பழக்கதோஷம்! நெற்றி வெள்ளையைத் தடவுவதற்காக வலது கையை எடுத்தார்.

குதிரைக்காரர் கையிலிருந்து கயிறு பிய்த்துக்கொண்டு போனது. செவலை ஈர மணலில் இறங்கி, தண்ணீர் ஓரமாகவே, வேலி போட்டு வைத்த மாதிரி நேர்கோட்டில் ஓடியது. ஒவ்வொரு எட்டுக்கும் தலை கீழே போய் மேலே வந்தது. காதுகள் பின்னால் திரும்பியிருந்தன, எதையோ கேட்டுக்கொண்டே ஓடுகிற மாதிரி. ஐஸ் விற்பவர்கள் ஒதுங்கினார்கள், பையன்கள் விசில் அடித்தார்கள். குதிரைக்காரர் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். இவர் மட்டும் நின்ற இடத்திலேயே, தூக்கிய கை தூக்கியபடி நின்றார்.

"கைய எறக்குய்யா!" என்று கத்தினேன். அவருக்குக் காதில் விழவில்லை. பக்கத்தில் போய் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து, பலத்தோடு கீழே இழுத்தேன். தூரத்தில் செவலை வேகம் குறைந்து, நடந்து, நின்றது. அவ்வளவு தூரத்தில் நான் கையை இறக்கியதற்கும் அது நின்றதற்கும் எந்தச் சம்பந்தமும் இருக்க முடியாது. களைத்துப்போய் நின்றிருக்கும். அது எனக்கும் தெரியும். ஆனால் கை இறங்கியதும் அது நின்றதைத்தான் அவரும் நானும் பார்த்தோம்.

மணலில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். கடலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கால் போனது தெரிஞ்சிச்சிம்மே."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"மொதல்ல தெரியல. சத்தியமா தெரியல. வெளாடுதுன்னுதான் அடிச்சேன். அப்பால தாளம் ஒடஞ்சிச்சி. சேணத்துக்குக் கீய தெரிஞ்சிச்சி. கை அப்பிடியே நின்னுச்சி. பக்கத்துக் குதுர மூச்சு என் முட்டில படுது. திருடன்னு கத்தினது காதுல கீது. அடிச்சேன். ஒண்ணுதான். தெரிஞ்சப்புறம் ஒண்ணே ஒண்ணு. அதுல ஜெயிச்சிட்டேன்."

அந்தப் பக்கம் குதிரைக்காரர் செவலையைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டு வந்தார்.

"அவங்க எல்லா அடியையும் எண்ணினாங்கம்மே. அந்த ஒண்ண மட்டும் தனியா எண்ணல. எண்ணுவாங்கன்னு நின்னுகினே இருந்தேன்."

அவ்ளோதானா சார் என்று ஏன் கேட்டார் என்று எனக்கு அப்போது புரிந்தது. இத்தனை வருஷம் அதை வைத்து நான் சிரித்தேன். அவர்மேல் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பயம்கூட வரவில்லை. அழுகைதான் வந்தது, அது குதிரைக்கா அவருக்கா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு லீவு நாளெல்லாம் மாமல்லபுரம் போனார். செவலையைக் கொடுத்துவிடு என்று கேட்டார், குதிரைக்காரர் மறுத்துவிட்டார். அது அவர் பிழைப்பு. காலுக்குத் தைலம் போட மட்டும் ஒத்துக்கொண்டார். இவர் எப்போதும் இடது பக்கமாகப் போவார், இடது கையாலேயே தேய்த்துவிடுவார், வலது கையை இடுப்புக்குப் பின்னால் சட்டையோடு பிடித்துக்கொள்வார். செவலை அந்தக் காலைக் கொடுத்துவிட்டு நிற்கும். மன்னித்ததா என்று என்னைக் கேட்காதீர்கள், காலைக் கொடுத்தது. சில வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் வயிற்று நோவு கண்டு செத்துப்போனது. சவுக்குத் தோப்பு ஓரமாகப் புதைத்தார்கள். இவரும் போய் மண் தள்ளினார்.

அப்புறம் ஒருநாள் இவருடைய பழைய கூட்டாளி, இன்னும் ஓட்டிக்கொண்டிருந்த ஜாக்கி ஒருவர், வீட்டுக்கு வந்தார். காலம் மாறிவிட்டது மச்சான், இப்போதெல்லாம் ரொம்பக் கண்டிப்பு, ஓர் அடி கூடினாலும் உட்கார வைத்துவிடுகிறார்கள் என்றார். புது மாதிரிச் சாட்டை ஒன்றைக் காட்டினார். நுனியில் மெத்தென்று பஞ்சு வைத்துத் தைத்தது, குதிரைக்கு வலிக்காதாம். இவர் அதை இடது கையில் வாங்கி, தன் தொடைமேல் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். "நோவலதான். சத்தம் மட்டும் அதே சத்தம் மச்சான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நல்ல விஷயம்தான் என்று பிறகு என்னிடம் சொன்னார். யாராவது எண்ணிக்கொண்டிருப்பது நல்ல விஷயம்தான் என்றார்.

கை மட்டும் இன்னும் எழும்புகிறது. அது அடிக்கப்போகிறது என்றுதான் முன்பெல்லாம் வாசலில் நின்று பயந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. அது எழும்பிய இடத்திலேயே நிற்கிறதே, நடுங்கிக்கொண்டு நிற்கிறதே, அங்கே இவர் அந்த ஓர் அடியைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு நிறுத்தாததைத் தினம் மத்தியானம் நிறுத்துகிறார். விட்டால் சாயங்காலம் வரை அப்படியே பிடித்துக்கொண்டிருப்பார்.

அதனால் சாப்பாட்டு வேளைக்கு வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் அவர் பக்கத்தில் உட்காருகிறேன். மணிக்கட்டைப் பிடித்து, எழுப்பிவிடாமல், மெதுவாகக் கீழே கொண்டுவந்து பாய்மேல் வைக்கிறேன். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிகின்றன. நான் என் கையை எடுப்பதில்லை. எங்கேயோ தூரத்தில், ஈர மணலில், செவலை ஓட்டத்தை விட்டு நடக்க ஆரம்பிக்கும்வரை பிடித்துக்கொண்டே இருக்கிறேன்.